இல்லாத கட்டடத்துக்கு வழி சொன்னவள்! - ஒரு கொலம்பியா பயணத் திட்டத்தின் கதை

எக்ஸெல் ஷீட்டில் ஏழாவது வரிசை. 'மோனாகோ கட்டடம், எல் போப்லாடோ, மெடெயின். காலை 10 மணி' என்று டைப் செய்துவிட்டு, நாங்கள் தங்கப்போகும் இடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று மேப்பில் தேடினேன். கட்டடம் வரவில்லை. ஒரு பூங்கா வந்தது. தவறாக எதையோ தொட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி தேடினேன். மறுபடியும் அதே பூங்கா.

பத்து நிமிடம் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. போதைப்பொருள் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபார் குடும்பத்தோடு வாழ்ந்த அந்தக் கட்டடத்தை, 2019 பிப்ரவரி 22 அன்று மெடெயின் மாநகர நிர்வாகம் வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது, கொல்லப்பட்டவர்களின் நினைவுப் பூங்கா.

'அட, ஒரு இடம் குறைஞ்சுது' என்று அந்த வரிசையை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. காரணம் இருக்கிறது. 2022-ல் ஜர்னலிசம் டிப்ளோமா முடித்துவிட்டு டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த மூன்றாவது மாதம், 'எஸ்கோபார் வாழ்ந்த ஊரில் பார்க்க வேண்டிய 7 இடங்கள்' என்று ஒரு போட்டோ கார்டு தொகுப்பு எழுதினேன். அதில் நான்காவது கார்டு, இதே மோனாகோ கட்டடம். 'இன்றும் கம்பீரமாக நிற்கிறது' என்று எழுதியிருந்தேன். தரைமட்டமாகி மூன்று வருடங்கள் ஆன கட்டடம்!

ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் பக்கத்தை, தேதியைக்கூடப் பார்க்காமல் தமிழில் மாற்றியிருந்தேன். அந்த மாதம் எங்கள் டெஸ்க்கில் அதிகம் பேர் படித்த பக்கங்களில் அதுவும் ஒன்று. சீனியர் அக்கா அன்று சாயங்காலம் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். படித்தவர்களில் ஒருவர்கூட 'அந்தக் கட்டடமே இல்லையே' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் கொலம்பியா?

நானும் என் காலேஜ் தோழியும் ஒன்றரை வருடமாக இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்க்கிறோம். அவள் பெங்களூரில் ஐ.டி வேலை, நான் சென்னையில். ஹாஸ்டல் ரூமில் ஒரே லேப்டாப்பில் அந்த எஸ்கோபார் வெப் சீரிஸை விடிய விடியப் பார்த்தவர்கள் நாங்கள். 'என்னைக்காவது அந்த ஊருக்குப் போகணும்டி' என்று அன்று சொன்னதுதான் விதை.

அம்மாவிடம் சொன்னபோது, "எங்கே, அந்தக் கடத்தல்காரனுங்க சுட்டுக்கிட்டே இருப்பானுங்களே, அந்த ஊரா? வேற ஊரே கிடைக்கலையா உனக்கு?" என்றார். அம்மாவுக்குத் தெரிந்த கொலம்பியாவும் எனக்குத் தெரிந்த கொலம்பியாவும் ஒன்றுதான். அவர் பயந்தார், நான் ரசித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்தியோகியா மாகாணம். கொலம்பியாவின் வடமேற்கில் இருக்கிறது. தலைநகர் மெடெயின். 'மெடலின்' என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் ஆசிரியைதான் திருத்தினார். அவர் அந்த ஊர்க்காரர். நமக்கும் கொலம்பியாவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். எனக்குக் காலை 7 மணி என்றால் அவருக்கு முந்தைய நாள் இரவு 8.30. நான் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்வேன். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்வார்.

நான்காவது வாரம் அவரிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். 'எஸ்கோபார் டூர் ஒன்று இருக்கிறதே, அது நல்லா இருக்குமா?' என்று தட்டுத்தடுமாறி ஸ்பானிஷிலேயே கேட்டேன். வாக்கியம் சரியாக வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகலாம், நிறைய பேர் போகிறார்கள். நான் போனதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'சரி, இன்றைக்கு இறந்தகால வினைச்சொற்கள்' என்று பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

மேப்பில் பூங்கா வந்தது அதற்கு அடுத்த வாரம்.

அழித்து எழுதிய ஷீட்

அந்தப் பூங்காவின் பெயர் 'இன்ஃப்ளெக்சியோன்'. திருப்புமுனை என்று சொல்லலாம். 1983 முதல் 1994 வரை போதைப்பொருள் கும்பல்களின் வன்முறை நடந்த ஆண்டுகளில் மெடெயினில் உயிரிழந்த 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது நினைவுகூர்கிறது. நீதிபதிகள், பத்திரிகையாளர்கள், போலீஸார், எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தெருவில் நடந்து போனவர்கள் என எல்லோரும் அதில் அடக்கம். 1993 டிசம்பர் 2 அன்று ஒரு வீட்டின் கூரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றித்தான் நான் ஏழு கார்டு எழுதியிருந்தேன். இவர்களைப் பற்றி ஒரு கார்டுகூட இல்லை.

அன்று இரவு தோழிக்கு போன் செய்தேன். எஸ்கோபார் தொடர்பான எல்லாவற்றையும் ஷீட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள். ஒன்றே ஒன்றில்தான் சண்டை. மெடெயினிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் எஸ்கோபாரின் பண்ணை வீடு இருந்த இடம், இப்போது தீம் பார்க். அங்கே அவன் 1980-களில் கொண்டுவந்து விட்ட நான்கு நீர்யானைகள், இன்று நூற்றைம்பதைத் தாண்டிவிட்டன. மக்தலேனா ஆற்றுப் பகுதியில் பரவி, 2022-ல் கொலம்பிய அரசு அவற்றை அந்நிய ஆக்கிரமிப்பு இனம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

"நீர்யானை என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் தோழி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் போய் வர இரண்டு நாள் ஆகும்; அந்த இரண்டு நாளை மலை ஊர்களுக்குக் கொடுக்கலாம் என்று கணக்குக் காட்டினேன். கணக்கு என்றால் அவள் மடங்கிவிடுவாள்.

நகரத்துக்கு நான்கு நாள்

மெடெயின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுவில் நகரம், இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்க செங்கல் வீடுகள். வருடம் முழுவதும் இதமான வானிலை என்பதால் 'நித்திய வசந்த நகரம்' என்று பெயர். மெட்ரோ ரயில் 1995-ல் வந்தது. 2004-ல், ரயில் ஏற முடியாத மலைக் குடியிருப்புகளுக்கு 'மெட்ரோ கேபிள்' என்ற ரோப் கார் வந்தது. சுற்றுலாவுக்கான ரோப் கார் இல்லை இது. மலை மேல் வாழும் ஏழை மக்கள் தினமும் வேலைக்குப் போய் வரும் வண்டி. அதே பாதையில் மேலே போய் இன்னொரு கேபிளுக்கு மாறினால், 'ஆர்வி பூங்கா' என்ற காட்டுப்பகுதியில் இறக்கிவிடும். அந்தக் கடைசிப் பாதைக்குத் தனிக் கட்டணம். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. எங்கள் முதல் ஷீட்டில் ஆர்வி பூங்கா திங்கட்கிழமையில்தான் இருந்தது!

நகர மையத்தில் போத்தேரோ சதுக்கம். மெடெயினில் பிறந்த உலகப் புகழ்பெற்ற சிற்பி ஃபெர்னாந்தோ போத்தேரோ தன் ஊருக்குத் தந்த 23 வெண்கலச் சிற்பங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. எல்லாம் குண்டுக் குண்டு உருவங்கள். குழந்தைகள் தொட்டு விளையாடலாம். ஆனால் நான் முதலில் பார்க்க விரும்புவது இன்னொரு பூங்காவில் இருக்கிறது. அது சான் அந்தோனியோ பூங்கா. அங்கே போத்தேரோ செய்த ஒரு பெரிய வெண்கலப் பறவை இருந்தது. 1995 ஜூன் 10 அன்று இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பறவைக்குக் கீழே வைக்கப்பட்ட குண்டு வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிழிந்துபோன பறவையை அகற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார் போத்தேரோ. பிறகு, அதே போன்ற முழுப் பறவை ஒன்றைச் செய்து பக்கத்தில் வைக்கக் கொடுத்தார். வயிறு கிழிந்த பறவையும் முழுப் பறவையும் இன்று அருகருகே நிற்கின்றன.

மூன்றாம் நாள், 'கொமூனா 13'. மலைச்சரிவில் மின் படிக்கட்டுகளும் வண்ணச் சுவரோவியங்களும் இருக்கும் பகுதி. ரீல்ஸில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மின் படிக்கட்டு 2011-ல் வந்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 2002 அக்டோபரில், கெரில்லாக் குழுக்களை விரட்டுவதாகச் சொல்லி ராணுவமும் போலீஸும் ஹெலிகாப்டர்களோடு அங்கே இறங்கின. அதன் பிறகு அந்தப் பகுதி துணை ராணுவக் கும்பல்களின் பிடிக்குப் போனது. பலர் காணாமல்போனார்கள். மலை மேல் இருக்கும் 'லா எஸ்கொம்ப்ரேரா' என்ற கட்டட இடிபாடுகள் கொட்டும் இடத்தில்தான் தங்கள் பிள்ளைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். லாரிகள் அதன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தன.

2024 டிசம்பரில், அங்கிருந்து முதன்முறையாக மனித எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த மாதம் நகரத்துச் சுவர் ஒன்றில் இளைஞர்கள் பெரிதாக எழுதினார்கள்: 'கிழவிங்க சொன்னது சரிதான்.' ஸ்பானிஷில் அது வசையில்லை. வயதான அம்மாக்களை உரிமையோடு கூப்பிடும் கொச்சைச் சொல். நகர நிர்வாகம் அதன்மேல் பெயின்ட் அடித்தது. மறுபடி எழுதினார்கள்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"இருபத்திரண்டு வருஷமாவா சொல்லிக்கிட்டிருந்தாங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதா..." என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டார். அதன்பின், 'அந்தக் கடத்தல்காரன் ஊர்' என்று அவர் சொல்லவில்லை.

மலை ஊர்களுக்கு ஏழு நாள்

வரலாற்றுச் சிறப்புமிக்க ஊர்களை 'பாரம்பர்ய ஊர்கள்' என்று கொலம்பிய அரசு ஒரு பட்டியலாகத் தொகுத்திருக்கிறது. அந்தியோகியாவில் அப்படி மூன்று: சாந்தா ஃபே தே அந்தியோகியா, ஹார்தின், ஹெரிகோ. நீர்யானைகளை விட்டுக்கொடுத்ததால்தான் மூன்றாவது ஊருக்கு நாள் கிடைத்தது.

சாந்தா ஃபே, 1541-ல் நிறுவப்பட்டது. 1826-ல் மெடெயினுக்கு மாறும்வரை இதுதான் தலைநகர். வெள்ளைச் சுவர்கள், கல் பாவிய தெருக்கள். மெடெயினைவிட நன்றாகக் கீழே இருப்பதால் வெயில் கொளுத்தும். ஊர் எல்லையில், காவுகா ஆற்றின்மேல் மேற்குப் பாலம் என்று ஒரு தொங்கு பாலம். ஹோசே மரியா வியா என்ற பொறியாளர் 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்தது. 291 மீட்டர் நீளம். இன்றும் மரப்பலகைத் தளத்தில் நடந்து போகலாம். அந்த ஊர்ச் சதுக்கத்தில் விற்கும் பிரபலமான தின்பண்டம் என்ன தெரியுமா? புளி மிட்டாய்! புளியங்கூழைச் சர்க்கரை போட்டு உருட்டி விற்கிறார்கள்.

ஹார்தின் என்றால் தோட்டம். மெடெயினின் தெற்கு பஸ் நிலையத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை ஆகும். சதுக்கம் முழுக்கக் கலர் கலரான மர நாற்காலிகள், எதிரே கல்லில் கட்டிய பேராலயம், கையில் காபி. காபி விளையும் மலை ஊர் இது. இங்கே தோழிக்கு ஒரு ஆசை. ஊர் ஓரத்திலேயே இருக்கும் சிறிய தனியார் காப்பகத்தில், 'பாறைச் சேவல்' என்ற செக்கச்சிவந்த பறவைகள் அதிகாலையிலும் மாலையிலும் கூடிக் கூச்சல் போட்டு ஆடுமாம். நீர்யானைக்குப் பதிலாக அவளுக்கு இது. "ஒண்ணுக்குப் பதில் நூறு கிடைச்சிருக்கு, போ" என்று மன்னித்துவிட்டாள்.

ஹெரிகோ, கொலம்பியாவின் முதல் புனிதரான லௌரா மொந்தோயா 1874-ல் பிறந்த ஊர். 2013-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். கழுதைப் பாதைகளில் சரக்கு கொண்டுபோன அந்தக் கால வியாபாரிகள் தோளில் மாட்டிய 'கார்ரியேல்' என்ற தோல் பையை இங்கே இன்னும் கையால் தைக்கிறார்கள். அறை அறையாக ஏகப்பட்ட பைகள் அதற்குள்ளே. எங்கள் பட்ஜெட்டுக்குப் பார்க்க மட்டும்தான் முடியும்.

ஒரு பகலை குவாதபே ஊருக்கு வைத்திருக்கிறோம். மெடெயினிலிருந்து இரண்டு மணி நேரம். வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதியில் ஆடு, பூ, பஸ் என்று வண்ணப் புடைப்புச் சிற்பங்கள் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒற்றைப் பெரும் பாறை. எழுநூறு படிக்கு மேல் ஏறினால் சுற்றிலும் நீல நீர்த்தேக்கம் தெரியும். அந்தப் படத்தை நானும் ஒரு கார்டில் போட்டிருந்தேன். நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய எல் பெனியோல் ஊர் கிடக்கிறது என்பது இப்போதுதான் தெரியும். மின்சாரத் திட்டத்துக்காக 1978-ல் அந்த ஊர் மூழ்கடிக்கப்பட்டு, மக்கள் புதிதாகக் கட்டிய ஊருக்கு மாற்றப்பட்டார்கள். படி ஏறும்போது இதுவும் தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

நீங்களும் போவதாக இருந்தால்...

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்களோ, அந்த நாட்டுக்கு டிரான்ஸிட் விசா தேவையா என்பதை டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். கொலம்பிய விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

விசாவைவிட முக்கியம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். ஒருமுறை போட்டால் போதும். கொலம்பியாவிலிருந்து திரும்பும்போது இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால், நம் விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள்வரை தனிமைப்படுத்த முடியும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் முதல் மார்ச் வரையும், ஜூலை, ஆகஸ்டிலும் மழை குறைவு. ஆகஸ்டில் மெடெயினில் பூத் திருவிழா நடக்கும். மலையிலிருந்து விவசாயிகள் பூக்களை முதுகில் சுமந்து ஊர்வலம் வருவார்கள். கூட்டமும் வாடகையும் அப்போது அதிகம் என்பதால் நாங்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றி ஆசிரியை சொல்லிக்கொடுத்த ஒரு சொல்வழக்கு: 'பப்பாளியைக் கொடுக்காதே.' எடுத்துக்கொள் என்பதுபோல நாமே வாய்ப்பு கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். தெருவில் போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடப்பது, பப்பாளி. ராத்திரி தெரியாத ஏரியாவில் சுற்றுவது, பப்பாளி. அம்மாவுக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. இப்போது ஸ்கூட்டி சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தால்கூட "பப்பாளி!" என்கிறார்.

நான்காவது கார்டு

போன வாரம் சீனியர் அக்காவிடம் போய், என் பழைய கார்டு தொகுப்பைக் காட்டி, தவறைச் சொன்னேன். "மூணு வருஷத்துக்கு மேல ஆச்சே, எடுத்துடலாமா?" என்றார். எடுப்பது சுலபம், யாருக்கும் தெரியாது. எனக்கு உள்ளூர அதுதான் வேண்டும்போலவும் இருந்தது.

"எடுக்க வேண்டாம்க்கா, திருத்தி எழுதுறேன்" என்றேன்.

தலைப்பை மாற்றினேன். ஏழு இடங்களில் ஐந்து மாறிவிட்டன. நான்காவது கார்டில் இப்போது பூங்கா இருக்கிறது. அதற்குக் கீழே, 'இந்தக் கட்டடம் இன்றும் நிற்பதாக முன்பு தவறாக எழுதியிருந்தோம். அது 2019-லேயே இடிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி. பழைய கார்டைப் படித்தவர்களில் நூறில் ஒருவர்கூட இந்தத் திருத்தத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். டெஸ்க் டேஷ்போர்டில் அந்த எண்ணைப் பார்த்தேன், மிகச் சிறியது. சமோசா வாங்கும் அளவுக்கு இல்லை.

ஆசிரியைக்கு லிங்க் அனுப்பினேன். தமிழ் அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்திருக்கிறார். அடுத்த வகுப்பில் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'ஜனவரியில் வரும்போது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், அரேப்பா செய்கிறேன்' என்றார். அரேப்பா என்றால் சோள மாவு ரொட்டி. இறந்தகாலம் முடிந்து, எதிர்கால வினைச்சொற்களுக்கு வந்திருக்கிறோம்.

எக்ஸெல் ஷீட்டில் ஏழாவது வரிசை இன்னும் இருக்கிறது. அதே இடம், அதே காலை 10 மணி. எதிரே 'பூங்கா' என்று மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நேற்று அம்மா போன் செய்தார். "அந்தச் சுவத்துல எழுதியிருக்காங்கன்னியே, அது இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். வைக்கும் முன், "அப்புறம் அந்தப் புளி மிட்டாய்... ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. நம்ம புளி மாதிரி இருக்கான்னு பார்ப்போம்!"